இடது முழங்கை

அம்மாவாசிக்குக் கோபம் வந்தால் ஆள் யார், பொருள் எது என்று பார்க்க மாட்டார். மோட்டார் ஓடவில்லை என்றால் மோட்டாரை ஏசுவார். காய் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் மேகமலையைப் பார்த்து ஏசுவார். இரண்டும் சரியாக இருந்தால் திராட்சை வாங்க வரும் வியாபாரியை ஏசுவார். அந்தச் சித்திரையில் மட்டும் ஏசுவதற்கு வெளியாள் யாரும் அகப்படவில்லை. செய்துவைத்த காரியம் அப்படி. சின்னமனூருக்குக் கிழக்கே இருக்கிற தன் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி தன்னைத்தானே ஏசிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மகள் சிம்ரன் கொரியாவில் பளு தூக்கப் போகிறாள். ஆசிய அளவிலான போட்டி. அப்பா நேரில் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அப்பாவோ ஊர் எல்லையை விட்டு நகர முடியாதபடி கையில் காப்புக் கட்டிக்கொண்டு நிற்கிறார். யாரும் கட்டாயப்படுத்திக் கட்டவில்லை. தானாகப் போய்க் கையை நீட்டியவர் அவர்தான்.

சிம்ரன் பிறந்த வருஷம் அந்தப் பக்கத்தில் பிறந்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதே பெயர். வடக்கே தேசிய முகாமுக்குப் போன புதிதில், பெயரைப் பார்த்துவிட்டுப் பஞ்சாபிப் பிள்ளை என்று நினைத்து எல்லாரும் இந்தியில் பொரிந்து தள்ளினார்களாம். அவளுக்கு அப்போது இந்தியில் தெரிந்தது ஒன்றிலிருந்து பத்து வரைதான். அதுவும் எடைத் தட்டுகளை எண்ணுவதற்காகக் கற்றுக்கொண்டது.

பதின்மூன்று வயதில் அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. அன்றிலிருந்து பதினோரு வருஷம். விடியற்காலையில் டி.வி.எஸ். வண்டியில் தேனி மைதானத்துக்குக் கூட்டிப்போவது அம்மாவாசியின் வேலை. அவள் தகரக் கொட்டகைக்குள் கம்பியைத் தூக்குவாள். இவர் வாசலில் கிடக்கும் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருப்பார். பளு தூக்குவதைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒவ்வொரு தூக்குக்கும் முன்னால் அவள் திரும்பிப் பார்ப்பாள். இவர் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் அவர் செய்த பயிற்சி.

மாநிலப் போட்டி, தேசியப் போட்டி எல்லாவற்றுக்கும் ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் தொங்கிக்கொண்டாவது போய்விட்டார். வெளிநாட்டுக்கு மட்டும் முடியவில்லை. இரண்டு தடவை அவள் தனியாகப் போனாள். இரண்டு தடவையும் இங்கே சாதாரணமாகத் தூக்குகிற எடையைக்கூட அங்கே கீழே போட்டுவிட்டு வந்தாள். இப்போது இருபத்துநாலு வயது. வலது முட்டி அடிக்கடி வீங்குகிறது. இந்த வருஷம் விட்டால் அணியில் இடம் இருக்குமா என்பது சந்தேகம். அதனால்தான் முகாமிலிருந்து போன் போட்டுக் கேட்டாள்.

“இந்தத் தடவ நீ வாப்பா. ஒண்ணும் பண்ண வேணாம். வந்து உக்காரு, போதும்.”

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். தன் பேரைச் சொல்லி எந்தச் சாமிக்கும் எதுவும் நேர்ந்துகொள்ளக் கூடாது. அப்படி அவள் சொன்னதற்கும் காரணம் உண்டு. முதல் மாநில மெடலுக்கு அப்பா மொட்டை போட்டார். தேசிய மெடலுக்குப் பால்குடம் எடுத்தார். அவளுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தபோது கிடா வெட்டி ஊருக்கே விருந்து வைத்து, எல்லாம் ஆத்தா போட்ட பிச்சை என்று ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த சிம்ரன் குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனவள் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. அது எதற்கென்று அம்மாவாசிக்கு அப்போது புரியவில்லை. பிள்ளைக்கு அலுப்பு என்று நினைத்துக்கொண்டார். போனிலும் சரி தாயி, சரி தாயி என்று தலையாட்டிவிட்டார்.

விசா வேலை ஆரம்பமானது. தேனியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜெபராஜ் எடுத்த எடுப்பிலேயே மூன்று வருஷ வருமானவரிக் கணக்கைக் கேட்டார். விவசாயத்துக்கு ஏது வரி என்றார் அம்மாவாசி. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், கொரியாக்காரனுக்குத் தெரியாதே என்றார் ஜெபராஜ். வி.ஏ.ஓ.விடம் ஒரு சான்று, தாசில்தாரிடம் ஒரு சான்று, அதை இங்கிலீஷில் மாற்றி வக்கீலிடம் ஒரு முத்திரை. திராட்சைத் தோட்டத்தைப் படமெடுத்து ஒட்டலாமா என்றுகூட அம்மாவாசி கேட்டுப் பார்த்தார். எல்லாம் சென்னைக்குப் போய், அழைப்புக் கடிதத்தில் ஏதோ குறை என்று அப்படியே திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. பஸ் ஏறித் தேனிக்குப் போவதும், ஜெபராஜ் உதட்டைப் பிதுக்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுமாக ஒரு மாதம் போனது. போட்டிக்கு இன்னும் பதினாறு நாள் என்றபோது ஜெபராஜ் கையை விரித்துவிட்டார்.

“இனிமே வராதுண்ணே. முன்னாடியே போட்ட டிக்கெட்டக் கேன்சல் பண்ணுனா பாதிக் காசாவது கெடைக்கும்.”

இரண்டு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அம்மாவாசி எழுந்து வந்தார். அன்றைக்கு அவருக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஊர் மாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. கொட்டுச் சத்தம் தோட்டம்வரை கேட்டது. போய் உட்காரத்தான் கொடுத்துவைக்கவில்லை, இதையாவது செய்வோம் என்று மேலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு போய்ப் பூசாரி ஒச்சாண்டியிடம் வலது கையை நீட்டினார். மகள் மெடல் வாங்க வேண்டும், அக்னிச்சட்டி எடுக்கிறேன் என்று சொன்னார். ஒச்சாண்டி மஞ்சள் கிழங்கை நூலில் கோத்து மூன்று முடிச்சுப் போட்டார். இனிச் சட்டியை இறக்குகிறவரை, இருபத்திரண்டு நாள், ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் தேனிக்குப் போகலாம், கம்பத்துக்குப் போகலாம். பொழுது அடையும்போது வீட்டில் இருக்க வேண்டும்.

மனைவி ராஜாத்தி மணிக்கட்டைப் பார்த்தாள். சிம்ரன்தான் வேண்டாம் என்று சொன்னாளே என்றாள். அம்மாவாசி துண்டை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார். ராஜாத்தியும் மேற்கொண்டு கேட்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் விசா வந்துவிட்டது.

ஜெபராஜ் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்ட அம்மாவாசி அவரைப் பிடித்துக் கிழிகிழி என்று கிழித்தார். விசா வராததற்குக்கூட அவ்வளவு ஏச்சு வாங்காத மனிதர், விசா வாங்கிக் கொடுத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமலே பாவம் மன்னிப்பும் கேட்டார்.

பூசாரியிடம் ஓடினார் அம்மாவாசி. ஒச்சாண்டி கோயில் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நிதானமாக எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

“கட்டுனது நானு. அவுக்குறது ஆத்தா. எங்கிட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

எனக்குப் பதில் என் வீட்டுக்காரி சட்டி எடுக்கட்டுமா என்று கேட்டார் அம்மாவாசி. கட்டிய கை எதுவோ அந்தக் கைதான் சட்டியைத் தாங்க வேண்டும் என்றார் ஒச்சாண்டி. அபராதம் கட்டிவிட்டுப் போகலாமா என்று கேட்டார். இதென்ன தாலுகா ஆபீஸா என்று திருப்பிக் கேட்டார் ஒச்சாண்டி. அம்மாவாசி வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்புறம் வந்த நாட்களெல்லாம் நரகம்தான். போகாவிட்டால் மகளுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். போனால் ஆத்தாவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். போகாமல் இருந்து அவள் தோற்றால் அப்பா வராததால் தோற்றாள் என்று ஆகும். போயும் அவள் தோற்றால்? அதை யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. இதற்கிடையில் சிம்ரன் தினமும் வீடியோவில் கூப்பிட்டாள். கத்திரி வெயில் தொடங்காத குறை. இவர் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் மாட்டிப் போட்டுக்கொண்டு வியர்வை ஒழுகப் பேசினார். என்ன இது கோலம் என்று அவள் கேட்டதற்கு, கொரியாக் குளிருக்குப் பழகிக்கொள்கிறேன் என்றார். அங்கே இப்போது குளிரே இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்து, இவர் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

கடைசியில் ராஜாத்திதான் ஒரு முடிவைச் சொன்னாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“கட்டுனதும் தப்பு, அவுக்குறதும் தப்பு. இதுல எந்தத் தப்ப எம்பிள்ள தாங்குவான்னு பாருங்க. நீங்க போகலன்னா அவ தாங்க மாட்டா. ஆத்தா தாங்கிக்கிருவா.”

கிளம்புகிற அன்று காலையில் அம்மாவாசி தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொடிக்குக் கவாத்து வெட்டுகிற கத்திரி சுவரில் தொங்கியது. விரல் தடிமன் கொம்பை வெட்டுகிற கத்திரிக்கு அந்த நூல் ஒரு வேலையே இல்லை. இடது கையால் வெட்டியதால் கொஞ்சம் தோலும் சேர்ந்து போனது. நூலைக் கீழே போட மனசு வரவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மணிக்கட்டில் மஞ்சள் வளையம் அப்படியே இருந்தது. சோப்பைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். தோல்தான் எரிந்தது. கோயில் தெரு வழியாகப் போகக் கூசி, வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு பெட்டியும் கையுமாக நடந்து பஸ் ஏறினார்.

மதுரை, சென்னை, சிங்கப்பூர். சிங்கப்பூரில் சோதனை செய்கிற ஆள் சட்டைப் பையைக் காட்டி, பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னான். மஞ்சள் நூலைத் தூக்கிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். ஆத்தாவே சட்டை போட்டுக்கொண்டு வந்து கேட்பதாக அம்மாவாசிக்குத் தோன்றியது. அவர்கள் ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

போட்டி நடக்கும் பூசான் ஊரில் மகளைப் பார்க்கலாம் என்று போனால் அதுவும் நடக்கவில்லை. வீராங்கனைகள் தங்கும் இடத்துக்குள் வெளியாள் போகக் கூடாதாம். அப்பா என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்ல வேண்டுமோ சொன்னார்; பாஸ்போர்ட்டைக் காட்டினார். காவல்காரர் குனிந்து வணங்கி, வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார். போட்டி முடிந்த பிறகுதான் சந்திப்பு என்று சிம்ரன் போனில் சொன்னாள். இரண்டு நாள் உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டு, லாட்ஜ் ஜன்னலில் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

போட்டி அன்று வேறொரு கூத்து. அவருக்குக் கொடுத்திருந்த இடத்துக்கு நேர் முன்னால் டி.வி.க்காரர்கள் கேமராவுக்காக ஓர் இரும்பு ஏணியை நிறுத்தியிருந்தார்கள். மேடையில் பாதி தெரிந்தது, பளு தூக்குகிற பாதி தெரியவில்லை. எழுந்து பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பெண்பிள்ளை வந்து குனிந்து வணங்கி, சீட்டைக் காட்டி, பழைய இடத்திலேயே கொண்டுவந்து உட்காரவைத்தாள். மறுபடியும் எழுந்தார். மறுபடியும் வணங்கினாள். ஊரில் யாரும் அவரை அவ்வளவு மரியாதையாக உட்காரவைத்ததில்லை. அவருக்கு அவ்வளவு ஆத்திரமும் வந்ததில்லை.

சிம்ரன் மேடைக்கு வந்தாள். முதலில், தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குகிற பிரிவு. மூன்று வாய்ப்பில் ஒன்றுதான் தேறியது. ஒவ்வொரு தடவையும் அவள் கண் பார்வையாளர் பக்கம் தேடுவது மேலே தொங்கிய பெரிய திரையில் தெரிந்தது. நான் இங்கன இருக்கேன் தாயி என்று கத்த நினைத்தார். அந்தக் கூட்டத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? ஏழு கடல் தாண்டி வந்து ஓர் ஏணிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்து அவருக்கு அழுகையாக வந்தது.

அடுத்தது, தோளுக்கு எடுத்து நிறுத்தி அங்கிருந்து மேலே தூக்குகிற பிரிவு. நூற்றெட்டு கிலோ தேறியது. நூற்றுப் பதினொன்று தேறியது. கடைசி வாய்ப்புக்கு நூற்றுப் பதின்மூன்று கேட்டிருந்தாள். அதைத் தூக்கிவிட்டால் வெண்கலம் என்று திரையில் போட்ட எண்களைப் பார்த்து அவருக்கே விளங்கிவிட்டது.

அம்மாவாசி எழுந்தார். வணங்க வந்த பிள்ளையை விலக்கிவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கி, முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிம்ரன் கையில் மாவு பூசிக்கொண்டு திரும்பினாள். பார்த்துவிட்டாள். இவர் தலையை ஆட்டினார். அவளும் லேசாக ஆட்டினாள்.

கம்பியைத் தோளுக்கு எடுத்தாள். ஒரு நொடி நின்றாள். முட்டி மடங்கி நிமிர்ந்தது, கம்பி தலைக்கு மேலே போனது, நின்றது. அம்மாவாசி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மேடைக்கு முன்னால் மூன்று நடுவர்கள், மூன்று விளக்குகள். வெள்ளை எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் செல்லாது. ஒரு வெள்ளை எரிந்தது. இரண்டு சிவப்பு எரிந்தது.

தூக்கிய கை அப்படியே நின்றது. சட்டைக் கை வழிந்து இறங்கி, மணிக்கட்டில் மஞ்சள் வளையம் தெரிந்தது. அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வரவில்லை என்ற குறை இல்லை, வந்தாயிற்று. பார்க்கவில்லை என்ற குறை இல்லை, பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒன்றுதான், அது பையில் இருக்கிறது.

சாயங்காலம் அரங்கத்துக்கு வெளியே படிக்கட்டில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள் சிம்ரன். முட்டியில் ஐஸ் கட்டியிருந்தாள். கையில் பாதி தின்ற வாழைப்பழம். அழுத முகமாகத் தெரியவில்லை. நாலாவது இடம். என்ன நடந்தது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். மேலே தூக்கும்போது இடது முழங்கை லேசாக மடங்கி, பிறகு நிமிர்ந்திருக்கிறது. அப்படி மடங்கினால் செல்லாது. ஆறு மாதமாக அவள் சரிசெய்யப் பாடுபட்டதும் அதே முழங்கையைத்தான். பயிற்சியில் பத்துக்கு எட்டு சரியாக வந்ததாம். இன்றைக்கு அந்த மிச்ச இரண்டில் ஒன்றாகிவிட்டது. தன் கையைத் தானே மடக்கிக் காட்டி விளக்கினாள்.

அம்மாவாசி எதையும் காதில் வாங்கவில்லை.

“அது இல்ல தாயி. நாந்தான்.”

பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துச் சட்டையை மேலே ஏற்றிவிட்டு, அந்த வளையத்தைப் பார்த்தாள். எப்போது கட்டினாய் என்று கேட்டாள். எப்போது அவிழ்த்தாய் என்று கேட்டாள். விசா வராது என்று சொன்னது, மூன்றாம் நாள் வந்தது, மோட்டார் ரூம், கத்திரி எல்லாவற்றையும் அவர் சொன்னார். ஊருக்குப் போய்ப் பூக்குழி இறங்கியாவது ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவேன் என்றும், அடுத்த தடவை இப்படி ஆகாது என்றும் சொன்னார்.

சிம்ரன் வாழைப்பழத்தைப் படியில் வைத்தாள். அவள் குரல் உயரவில்லை. ஆனால் அவ்வளவு கோபத்தை அவர் அவளிடம் அதுவரை பார்த்ததில்லை.

“நான் செயிச்சா ஆத்தா குடுத்தது. தோத்தா நீ கெடுத்தது. அப்ப இத்தன வருசமா அங்கன நின்னு நான் என்னத்தத்தாம்ப்பா தூக்குறேன்?”

அம்மாவாசிக்குக் கிடா விருந்தில் அவள் கீழே வைத்த குழம்பு வாளி ஞாபகத்துக்கு வந்தது.

“செயிச்சதப் பூராம் ஆத்தாளுக்குக் குடுத்துட்ட. தோத்ததாவது என்னோடதா இருக்கட்டும். அதையும் நீ எடுத்துக்கிறாத.”

நூலை மறுபடி காலண்டர் தாளில் மடித்து அவர் பையிலேயே செருகிவிட்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மற்ற நாட்டுப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் தோள் குலுங்கியது. அவர் தொடவில்லை. தொட்டால் என்ன சொல்வாளோ என்று பயமாக இருந்தது.

போன் அடித்தது. ராஜாத்தி. ஊரில் மத்தியானம் மூணு மணி இருக்கும். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. என்ன ஆச்சு என்றாள். நாலாவது என்றார். அந்தப் பக்கம் அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

“எதுனாலயாம்?”

அவள் எதைக் கேட்கிறாள் என்று அம்மாவாசிக்குத் தெரியும். பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் சிம்ரன் முட்டியில் நழுவிய ஐஸ் பையைக் குனிந்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.

“எடது மொழங்க,” என்றார் அம்மாவாசி. “கடைசித் தூக்குல லேசா மடங்கிருச்சு. மடங்குனா செல்லாதாம். ரெண்டு நடுவரு செவப்பு லைட்டு போட்டுட்டாக. ஆறு மாசமா அதத்தான் சரி பண்ணிக்கிட்டு இருந்திருக்கா. பத்துக்கு எட்டு சரியா வந்துச்சாம்.”

“வேற ஒண்ணுமில்லையே?”

“வேற ஒண்ணுமில்ல,” என்றார்.